ஓவனுக்குப் பக்கத்தில் ஓர் அலுமாரி



இம்முறை ஒரு குசினி அலுமாரியைப் பற்றி எழுதுகிறேன். நடந்ததில் என்னுடைய பிழையும் இருக்கிறது. சம்பந்தப்பட்ட அக்காவின் சம்மதத்துடன், பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் போய்வரும் கிராமமொன்றில் இருப்பவர் அவர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் கணவரைக் கடைசியாகக் கண்டார். பிள்ளைகள் மூவர். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாவோடு தன் நகையையும் உழைப்பையும் சேர்த்து வீட்டைக் கட்டி முடித்தார். அவரது பிறந்தநாள் கேக்குக்கு அயலில் நல்ல கிராக்கி. ஆகவே 2023இல் மாதர் சங்கக் கடனில், மேலே நான்கு அடுப்பும் கீழே ஓவனும் உள்ள காஸ் குக்கர் ஒன்றை வாங்கினோம்.

கடைக்கு அவரோடு போனவள் நான். விலையைப் பார்த்தோம். ஒரே நேரத்தில் எத்தனை தட்டு வைக்கலாம் என்று பார்த்தோம். அது வீட்டில் எங்கே நிற்கப் போகிறது, சூடு எந்தப் பக்கத்தால் வெளியே வரும் என்று இருவருமே கேட்கவில்லை. எங்கள் படிவத்திலும் பொருளின் விலைக்குக் கட்டம் இருந்தது, எதிர்பார்க்கும் வருமானத்துக்குக் கட்டம் இருந்தது. எங்கே வைப்பீர்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

குசினியில் ஒரு மூலைதான் மிச்சம். பின்னால் சுவர், பக்கத்தில் தவணைக்கு எடுத்த சிப்போட் அலுமாரி. குக்கரை இரண்டோடும் ஒட்டித் தள்ளிவிட்டோம். "இடைவெளி விட்டால் கரப்பான் பூச்சிதான் குடியிருக்கும்" என்று சொன்னதும் நான்தான்.

அந்த வருட மார்கழியில் நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் ஓடர்கள் குவிந்தன. காலை முதல் இரவு வரை ஓவன் எரிந்தது. ஒருநாள் பின்னேரம் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ், ஒரு மணம் வருது. கேக் மணமில்லை, பலகை காயுற மணம்."

ஓவனை நிறுத்தச் சொல்லிவிட்டு உடனே புறப்பட்டேன். அலுமாரியின் பக்கப் பலகை பொருமி, மேலே ஒட்டியிருந்த பூச்சு சுருண்டு கழன்றிருந்தது. பலகையில் அப்போதும் கை வைத்திருக்க முடியவில்லை.

மேல்தட்டில் ஒரு கோவை இருந்தது. வீட்டில் பூட்டு உள்ள, கறையான் ஏறாத ஒரே இடம் அந்த அலுமாரிதான். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கணவரின் ஒரேயொரு படம் எல்லாம் அதற்குள். கடிதங்கள் தப்பிவிட்டன. படம் பிளாஸ்ரிக் உறையோடு ஒட்டிப்போயிருந்தது.

"முள்ளிவாய்க்கால் மட்டும் மடியில கட்டிக்கொண்டு வந்த படம் மிஸ். கேக் போட்டு எரிக்கப் பார்த்திட்டன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

உறையைப் பிரித்தால் முகமும் சேர்ந்து கழன்றுவிடும் என்று பயந்து, அப்படியே நகரிலுள்ள ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனோம். உறைக்கு மேலாகவே படம் எடுத்து, மூன்று பிரதி அடித்துத் தந்தார்கள்.

சகோதரிகளே, கேக் வேகும்போது ஓவனுக்குள் 160 முதல் 180 பாகை செல்சியஸ் வரை சூடு இருக்கும். அந்தச் சூட்டுக் காற்று வெளியே போக ஒரு வாய் உண்டு. பெரும்பாலான குக்கர்களில் அது பின்பக்கம், மேல் அடுப்புகளுக்குப் பின்னால் இருக்கும். சுவரோடு ஒட்டினாலோ, மேலேயுள்ள கண்ணாடி மூடியை மூடிவைத்தாலோ சூடு போக வழியில்லை. மூடிக் கண்ணாடி வெடிக்கவும் கூடும். கிழமைக்கு ஒரு கேக் போடும் வீட்டில் இது தெரியாமல் போகலாம். நாள் முழுவதும் ஓவன் எரியும் வீட்டில் பக்கப் பலகைக்கு ஆற நேரமே கிடைப்பதில்லை. சிப்போட் என்பது மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை. சூடும் நீராவியும் பட்டால் பொருமும். எந்த மரமும் திரும்பத் திரும்பச் சூடேறினால் உள்ளே மெல்லக் கருகி, பிறகு குறைந்த சூட்டிலேயே தீப்பற்றக்கூடியதாகிவிடும்.

ஆகவே குக்கர் வாங்க முதல் வைக்கப்போகும் இடத்தை அளந்துகொண்டு போங்கள். குக்கரோடு வரும் கையேட்டில் பக்கங்களிலும் பின்னாலும் மேலேயும் எவ்வளவு இடைவெளி வேண்டுமென்று போட்டிருக்கும். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைக் கடையிலேயே வாசிப்பியுங்கள். அந்த அளவு உங்கள் குசினிக்குச் சரிவராவிட்டால் சிறிய குக்கரைப் பாருங்கள். அடுப்புக்கு நேர்மேலே இரண்டரை அடிக்காவது பலகைத் தட்டோ, திரைச்சீலையோ, கலண்டரோ வேண்டாம். ஓவன் கதவுக்கு இரட்டைக் கண்ணாடி இருந்தால் வெளிப்பக்கம் சூடு குறைவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுவே நல்லது.

இடம் போதாதென்று அலுமாரிப் பலகையில் நேரே தகரம் அடிக்காதீர்கள். தகரம் சூடேறி அந்தச் சூட்டைப் பலகைக்கே கொடுக்கும். இடையில் காற்று ஓட வேண்டும்.

காஸ் சிலிண்டரையும் ஓவனின் அருகிலோ, பூட்டிய அலுமாரிக்குள்ளோ வைக்க வேண்டாம். றப்பர் குழாய் ஓவனின் முதுகில் முட்டக் கூடாது. கசியும் காஸ் காற்றை விடப் பாரமானது, நிலத்தோடு தங்கும். 2021ஆம் ஆண்டின் கடைசியில் நாட்டின் பல இடங்களில் வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

2022இல் காஸ் இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பியவர்கள் பலர். அவர்களுக்கும் இதே கதைதான். அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயப்போடுவது நமக்குப் பழக்கமாக இருக்கலாம், ஆனால் பரணும் விறகும் நாளுக்கு நாள் எரியத் தயாராகிக்கொண்டே இருக்கின்றன.

அக்காவின் அலுமாரி இப்போது விறாந்தையில் நிற்கிறது. குக்கரைச் சுவரிலிருந்து முன்னுக்கு இழுத்து, பக்கத்தில் சாமான் வைக்கச் சீமெந்துக்கல்லால் இடுப்பளவில் ஒரு மேடை கட்டியிருக்கிறோம். கோவையின் பிரதி ஒன்று அவருடைய தங்கச்சி வீட்டில் இருக்கிறது. கேக் ஓடர்கள் தொடர்கின்றன, கடனும் ஒழுங்காகக் கட்டுப்படுகிறது. எங்கள் படிவத்தில் "எங்கே வைப்பீர்கள்?" என்ற கேள்வியை நான் பேனையால் எழுதிச் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்றைக்குச் சமைத்து முடிந்ததும் அடுப்புக்குப் பக்கத்திலுள்ள பலகையில் உள்ளங்கையை மெதுவாக வைத்துப் பாருங்கள். பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடியாவிட்டால், அந்தப் பலகையையோ அடுப்பையோ நாளைக்கே நகர்த்துங்கள். அந்த அலுமாரிக்குள் உங்கள் கோவை இருந்தால், அதை இன்றைக்கே எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.