கிளாரா சும்மாவே உக்காந்திருக்கட்டும்

டிசம்பர் வந்துட்டா அமெரிக்காவுல ஊருக்கு ஊர் 'நட்கிராக்கர்' பாலே நடக்கும். நண்பர் பொண்ணு எலிப்படையில ஒரு எலி. அதனால நானும் ஒரு டிக்கெட் வாங்கிட்டுப் போய் உக்காந்தேன். இடைவேளைக்கு அப்புறம் பக்கத்து சீட் அம்மா அலுத்துக்கிட்டாங்க: "லீட் ரோல்னு சொன்னாங்க, அந்தப் பொண்ணு நாற்காலியில உக்காந்து வேடிக்கைதானே பாக்குது?"

அன்னிலேர்ந்து இது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதான் இந்தப் பதிவு :-)

தெரியாதவங்களுக்குக் கதைச் சுருக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விருந்துல கிளாராங்கற சின்னப் பொண்ணுக்குக் கொட்டை உடைக்கிற பொம்மை ஒண்ணு பரிசா வருது (நம்ம பாக்குவெட்டிக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கங்க). நடுராத்திரி எலிகளோட சண்டை. கிளாரா செருப்பைக் கழட்டி எலி ராஜா மேல வீச, பொம்மை ஜெயிச்சு இளவரசனா மாறி அவளை மிட்டாய் தேசத்துக்குக் கூட்டிட்டுப் போகுது. அங்க எல்லாரும் ஆடுறாங்க, இவ பாக்குறா.

இந்தக் குறை புதுசு இல்லீங்க. சாய்கோவ்ஸ்கி இசையில 1892-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்குல முதல்முறை போட்டப்பவே கிளாராவா வந்தது பாலே பள்ளி மாணவிதான். மேடை பூராவும் குழந்தைங்க, பெரிய நாட்டியக்காரி ஆட இரண்டாம் பாதி வரைக்கும் காத்திருக்கணுமான்னு அப்பவே விமர்சகர்கள் திட்டித் தீர்த்துட்டாங்க.

அப்புறம் சில பேர் குழந்தையையே தூக்கிட்டாங்க. 1976-ல பரிஷ்னிகாவ் அமைச்ச வடிவத்துல கிளாராவா ஆடுறது வளர்ந்த நாட்டியக்காரி. அதுவும் அழகுதான், நான் இல்லேங்கல. ஆனா அது ஒரு காதல் கதையாயிடுது. பொம்மை உடைஞ்சதுக்கு அழற பொண்ணு காணாமப் போயிடுறா.

பாலன்சின் வேற மாதிரி. அவரே மாணவனா இருந்தப்ப, 1919-ல அதே மரீன்ஸ்கியில குட்டி இளவரசனா வந்தவர். 1954-ல நியூயார்க் சிட்டி பாலேக்காக இதை அமைச்சப்ப ரெண்டு முக்கிய வேஷத்தையும் பள்ளிப் பிள்ளைங்களுக்கே கொடுத்தார் (இவர் வடிவத்துல கிளாராவோட பேர் மேரி). சண்டையில என்ன நடந்துச்சுன்னு இளவரசன் பேச்சே இல்லாம கையாலயும் முகத்தாலயும் சொல்ற இடத்தை, தான் சின்ன வயசுல செஞ்சபடியே வச்சார். ஒரு சுத்து, ஒரு தாவல் கிடையாது. ஒரு பையன் தனியா நின்னு மொத்த அரங்கத்துக்கும் கதை சொல்லணும். செஞ்சு பாருங்க, தெரியும்!

என் கட்சி இதுதான். அந்தப் பொண்ணுகிட்ட கேக்குறது கால்வித்தை இல்ல, கவனம். அவ நிஜமாவே ஆச்சரியப்பட்டாத்தான் நமக்கு மிட்டாய் தேசம் தெரியும். அவ கொட்டாவி விட்டா மேடையே காலி. அரைமணிக்கு மேல ஆயிரம் பேர் முன்னாடி அசையாம, ஆனா உயிரோட உக்காந்திருக்கறது சும்மா வேலையா?

இன்னொண்ணு, உடம்பு. நுனிக்கால் ஷூ போட பொதுவா 11, 12 வயசாவது ஆகணும், கணுக்கால்ல வலு வரணும். 'லீட்டுன்னா ஆடியே ஆகணும்'னு பக்கத்து சீட் அம்மா மாதிரி நாம எல்லாரும் கேக்க ஆரம்பிச்சா, பள்ளிக்கூடங்களும் பிஞ்சுக் கால்ல அவசரமா அந்த ஷூவை மாட்டும். வலி யாருக்கு? கைதட்டின நமக்கு இல்ல. நியூயார்க்குல ரெண்டு செட் குழந்தைங்களை மாத்தி மாத்தி மேடையேத்துறாங்க. மொத்தப் பாரமும் ஒரே தலையில விழறதில்ல. எல்லா ஊர்லயும் இதைச் செய்யலாமே!

2019-ல அங்க 11 வயசுப் பொண்ணு ஒருத்தி மேரியா வந்தா, அந்தக் குழுவோட முதல் கறுப்பின மேரி. 1954-லேர்ந்து கணக்குப் போட்டா 65 வருஷம்! 'வேடிக்கை பாக்குற' வேஷம்தான். ஆனா கீழ உக்காந்திருந்த எத்தனை வாண்டுங்களுக்கு 'நானும் அங்க உக்காரலாம்'னு தோணியிருக்கும்?

உசரம் கூடிட்டா இந்த வேஷம் போயிடும். அடுத்த வருஷம் வேற ஒருத்தி. அந்தக் கொஞ்ச காலமாவது அவ குழந்தையாவே உக்காந்திருக்கட்டுமே. ஆடுறதுக்கு வயசு கிடக்கு.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க :-)