ஒரே சண்டைக்கு எத்தனை புகார்?

"பொய் வழக்கை கோர்ட்டு ரத்து செய்தது" என்று பேப்பரில் செய்தி வந்தால் பட்டணத்தில் இருக்கிற நீங்க சந்தோஷப்படுறீங்க. எனக்கு முதலில் வர்ற கேள்வி வேற. அந்த ஆள் எத்தனை வருஷம் அலைஞ்சாரு?

எங்க லால்பேட்டைப் பக்கம் புகார் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். வரப்பை ஒரு முழம் வெட்டிட்டான்னு தகராறு. சிவில் கேஸ் போட்டா சர்வேயர் வரணும், பத்திரம் பார்க்கணும், வருஷக்கணக்கில் இழுக்கும். "கொலை மிரட்டல் விட்டான்"னு ஸ்டேஷனில் மனு கொடுத்தால் மறுநாளே ஆளைக் கூப்பிடுவாங்க. சி.எஸ்.ஆர். போட்டு, எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பினதோட முடியாது. அதே சண்டைக்கு டி.எஸ்.பி. ஆபீஸில் ஒரு மனு, எஸ்.பி. ஆபீஸில் ஒண்ணு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் ஒண்ணு, கடைசியில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார். ஒவ்வொரு மனுவிலும் ஒரு சாட்சி கூடுவார். முதல் மனுவில் இல்லாத அருவா மூணாவது மனுவில் முளைக்கும். வீராணத்தில் தண்ணி திறந்து, சம்பா நடவுக்கு ஆள் கிடைக்கிற வாரமாப் பார்த்து விசாரணைக்கு இழுக்கிற கெட்டிக்காரங்களும் உண்டு. தண்டனை வாங்கித் தர்றது அவங்க நோக்கமே இல்லை. அலைக்கழிச்சு நிலத்தை விட்டுக் கொடுக்க வைக்கணும், அவ்வளவுதான்.

சட்டம் இதுக்கு என்ன சொல்லுது? ஒரே சம்பவத்துக்கு ஒரே ஆள் இரண்டாவது எஃப்.ஐ.ஆர். போடக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2001-லயே சொல்லிட்டுது. எதிர்த்தரப்பு தன் பக்கத்தைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம், அது வேற. உத்தரப் பிரதேசத்தில் 2012 ஆகஸ்டில் பக்கத்து வீட்டுக்காரங்களுக்குள்ள சண்டை. ஆறு வருஷம் கழிச்சு அதே சண்டைக்குக் கோர்ட்டில் புதுசா ஒரு தனிப்புகார். அலகாபாத் ஐகோர்ட் ரத்து செய்ய மறுத்துட்டுது. 2021 மார்ச் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம்தான் இரண்டு தரப்பு வழக்குகளையும் சேர்த்து முடிச்சு வெச்சது. இப்படிப்பட்ட கேஸை வாசலிலேயே நிறுத்துறது கீழ்க்கோர்ட்டின் கடமைன்னும் சொன்னது. ஒரு தெருச் சண்டை டெல்லி போய்த்தான் தீரணும்னா அதுக்குப் பேர் நீதியா? எங்க ஊரிலிருந்து சென்னை ஐகோர்ட்டுக்கே 200 கிலோமீட்டருக்கு மேல. வக்கீல் ஃபீஸைப் பற்றி நான் பேசவே இல்லை.

இதுல வேடிக்கை என்னன்னா, இதுக்குன்னே நம்ம மெட்ராஸ் மாகாணத்தில் 1949-ல் ஒரு சட்டம் போட்டாங்க. காரணமில்லாம வழக்குமேல் வழக்கு போடுறதையே பழக்கமா வெச்சிருக்கிற ஆள்மேல் அட்வகேட் ஜெனரல் மனு போடலாம். ஐகோர்ட் உத்தரவு போட்டால், அந்த ஆள் வெளி ஊரில் கேஸ் போட மாவட்ட நீதிபதியிடம் முன் அனுமதி வாங்கணும். சிவிலுக்கும் கிரிமினலுக்கும் சேர்த்து. 1965-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னுட்டுது. ஆனா ஒரு முழ வரப்புக்காக அட்வகேட் ஜெனரல் எங்க வயலுக்கு வருவாரா?

புகார் கொடுக்கிறவங்களை எல்லாம் சந்தேகப்படுங்கன்னு நான் சொல்லலை. அடிபட்ட காலனிக்காரர், அடிவாங்கின பொண்ணு கொடுக்கிற முதல் புகாருக்கே எஃப்.ஐ.ஆர். போட இழுத்தடிக்கிறாங்க. கடுமையான குற்றம்னு புகாரிலேயே தெரிஞ்சா பதிஞ்சே ஆகணும்னு 2013-ல் ஐந்து நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது. "பொய்ப் புகார்"னு கத்தி அவங்க வாயை அடைக்கப் பார்க்கிறவங்களோட நான் சேர மாட்டேன். என் கோபம் அதே சம்பவம், அதே ஆட்கள், நாலாவது மனு, அதுமேலதான்.

அந்த நாலாவது மனு வந்ததும் முந்தின மூணும் என்ன ஆச்சுன்னு ஸ்டேஷனில் கேட்டுட்டு மேல போகட்டும். கம்ப்யூட்டரில்தானே எல்லாம் இருக்கு? போலீஸை விசாரிக்கச் சொல்லி உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போறவர் பிரமாணப் பத்திரம் கொடுக்கணும்னு 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்போ புதுச் சட்டத்திலும் இருக்கு. அந்தப் பத்திரத்தில் பழைய மனுக்களையும் எழுதச் சொல்லுங்க. மறைச்சிருந்தால் அன்னைக்கே தள்ளுபடி பண்ணுங்க. காரணமில்லாமல் குற்றம் சாட்டினவரிடம் நஷ்ட ஈடு வாங்கித் தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கு. பழைய சட்டத்தில் 250-வது பிரிவு, இப்போ 273. எங்க பக்கம் அப்படி ஒரு ரூபா வாங்கினவரை நான் இன்னும் பார்க்கலை.