ஓட்டல் சாப்பாட்டுக்கு எத்தனை கலோரி? கம்ப்யூட்டர் சொல்வதை நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல் புரோகிராமைத் திறந்ததும் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதிப் பார்ப்பார்கள். நான் சோற்றுக் கணக்கு எழுதினேன். அப்பா பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக் கொள்பவர். எனக்கு 28 வயதிலேயே ரத்தச் சர்க்கரை எல்லைக் கோட்டில் வந்து நின்றது. எட்டு கிலோ எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர்.

சாப்ட்வேர் எழுதுபவன் வேறு என்ன செய்வான்? கலோரி கணக்கிடும் புரோகிராம் ஒன்றைப் பதிந்து கொண்டேன். தஞ்சாவூரில் எங்கள் அலுவலகத்திற்குப் பக்கத்தில் ஒரு மெஸ். வாரத்தில் ஆறு நாள் மதியச் சாப்பாடு அங்கேதான். "மீல்ஸ் 1" என்று டைப் செய்தால் 486 கலோரி என்று பதில் வரும். பத்து வாரம் விடாமல் எழுதினேன். கணக்குப்படி தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருந்தேன். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக, நான்கரை கிலோ குறைந்திருக்க வேண்டும். குறைந்தது 600 கிராம்!

எங்கே தவறு? அந்த 486-ல்தான். 500 என்று வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். கடைசி இலக்கம் வரை துல்லியமாக வந்ததால் நம்பி விட்டேன். எங்கேயோ யாரோ ஒரு தட்டைப் பார்த்து உள்ளே போட்டு வைத்த எண் அது. என் இலையை அது பார்க்கவே இல்லை. நம் ஊரில் மீல்ஸ் என்றால் சாம்பாருக்கு, வத்தக் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று நான்கு தடவை சோறு விழும். போதும் என்று கையை நீட்டினாலும் கரண்டியில் இருப்பது இலைக்குத்தான் வரும்.

ஒரு நாள் அதே மெஸ்ஸில் பார்சல் வாங்கி வந்து, சோற்றை மட்டும் சமையலறைத் தராசில் வைத்தேன். 610 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. (1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் பிறகு இந்த நிறுவனமாக வளர்ந்தது. சோற்றோடு அதற்குப் பழைய உறவு!) அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை வரும். எனவே 100 கிராம் சோற்றுக்கு 115 முதல் 130 கலோரி. 610 கிராமுக்கு 700-க்கும் மேல். கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் தனி.

இப்படி ஏமாந்தவன் நான் மட்டும் இல்லை. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன 10 பேரை நியூயார்க்கில் சோதித்தார்கள். முடிவு 1992-ல் வெளியானது. உண்மையில் சாப்பிட்டதை விடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்து எழுதியிருந்தார்கள்.

ஓட்டலே எழுதிப் போடலாமே என்பீர்கள். மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 இடங்களுக்குக் குறையாமல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. ஒற்றைக் கடையாக நடக்கும் மெஸ்ஸுக்கு அது பொருந்தாது. பொருந்த வேண்டும் என்றும் நான் கேட்க மாட்டேன். ஒவ்வொரு இலைக்கும் ஒவ்வொரு அளவு போடும் இடத்தில் சுவரில் எழுதிய எண்ணால் என்ன பயன்?

நான் இப்போது செய்வது இதுதான். ஒர்க் ஷீட்டில் தேதி, சாப்பிட்டது, "குறைவு", "அதிகம்" என நான்கு காலங்கள். ஓட்டல் உணவுக்கு ஒரே எண் எழுதுவதில்லை; இரண்டு எண்கள். பெரிய சந்தேகம் எண்ணெயில்தான். 15 மில்லி எண்ணெய் பிடிக்கும் ஒரு பெரிய ஸ்பூன் 120 கலோரி. நெய் ரோஸ்ட்டில் ஊற்றியது ஒரு ஸ்பூனா, மூன்றா? தெரியாது. அங்கேயே 240 வித்தியாசம். திருவையாற்று அசோகா என்றால் யோசிக்காமல் "அதிகம்" காலத்தில் உள்ள எண்ணையே இரண்டிலும் போட்டு விடுங்கள்! நாள் முடிவில் ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால் இரண்டு கூட்டுத்தொகையும் கிடைக்கும். பைலைச் சேவ் செய்ய மறக்க வேண்டாம்.

ஞாயிறு காலையில் எடை பாருங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து, எடை குறைந்த வேகம் எந்தக் காலத்தோடு ஒத்துப் போகிறது என்று கவனியுங்கள். எனக்கு எப்போதும் "அதிகம்"தான்.

இவ்வளவு தோராயமாக எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாமே என்றார் ஒரு நண்பர். நான் ஒப்புக் கொள்ளவில்லை. 900-லிருந்து 1,200 வரை என்று தெரிந்தால் இரவு இட்லி மூன்றா, ஐந்தா என்று முடிவு செய்யலாம். 486 என்ற பொய் அதைச் செய்ய விடவில்லை. பிஸ்கட் பாக்கெட் போல லேபிள் ஒட்டியவற்றுக்கு அந்தப் புரோகிராமையே பயன்படுத்துகிறேன். ஒரு எச்சரிக்கை: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம்.

ஐந்து மாதத்தில் ஆறு கிலோ இறங்கியிருக்கிறேன். மெஸ்ஸை விடவில்லை. ரசத்துக்குச் சோறு வாங்குவதில்லை. தம்ளரில் வாங்கிக் குடித்து விடுகிறேன். பரிமாறும் அண்ணன்தான் இன்னும் வாளியோடு நின்று கேட்கிறார்: "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?"