உங்களுக்கு எவ்வளவு காட்டுது?

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. அம்மாவை வேளச்சேரியிலிருந்து எழும்பூர் ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. நல்ல மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆட்டோவில் ஏறி இறங்க முடியாது. ஆப்பில் கார் போட்டேன். 412 ரூபாய் காட்டியது. வழக்கத்தைவிட அதிகம்தான். ஆனால் ரயிலைப் பிடிக்கணும், பேரம் பேச எதிரில் ஆளும் இல்லை. சரியென்று அழுத்தினேன்.

கிண்டி தாண்டும்போது ஓட்டுநர் கேட்டார், "தம்பி, உங்களுக்கு எவ்ளோ காட்டுது?"

சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல் ஸ்டாண்டில் மாட்டியிருந்த தன் போனை என் பக்கம் லேசாகத் திருப்பினார். 287.

"மழைக்குன்னு உங்ககிட்ட வாங்கிட்டான். மழையில ஓட்டுறது நானு."

ஜிஎஸ்டி ஐந்து சதவீதத்தைக் கழித்தாலும் இடையில் நூறு ரூபாய்க்கு மேல் காணாமல் போயிருந்தது. நான் கொடுத்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். அந்த நூறில் எவ்வளவு கமிஷன், எவ்வளவு மழைக்கு, எவ்வளவு என் அவசரத்துக்கு? எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒரே காரில் ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு ஒரே பயணத்தின் விலை வேறு வேறாகக் காட்டப்பட்டிருந்தது. இந்தத் தொழிலை முறைப்படுத்துவது பற்றி யார் பேசினாலும் நான் இந்த இரண்டு திரைகளிலிருந்துதான் தொடங்குவேன்.

இதற்குப் 'பகிர்வுப் பொருளாதாரம்' என்று பெயர் வைத்தவரை ஒருநாள் நம்மூர் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட ஆசை. பத்துப் பேரை அடைத்துக்கொண்டு போகும், சட்டப்படி பார்த்தால் பாதி தப்பு. ஆனால் எங்கிருந்து எங்கே போக எவ்வளவு என்பது ஏறுகிறவருக்கும் தெரியும், ஓட்டுகிறவருக்கும் தெரியும், ஓரத்தில் ஒண்டிக்கொண்டு வருகிறவருக்கும் தெரியும். அதுதான் பகிர்வு. இங்கே பகிரப்படுவது ரிஸ்க் மட்டும்தான். வண்டிக் கடன் ஓட்டுநருடையது, டீசல் அவருடையது, முட்டினால் அவருடையது. அவரைப் 'பார்ட்னர்' என்கிறார்கள். விலை தெரியாத பங்காளியை நான் வேறெந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆப்புகள் நம் மடியில் வந்து விழுந்ததற்கு அரசின் மெத்தனம் ஒரு பெரிய காரணம். சென்னையில் ஆட்டோ மீட்டர் கட்டணத்தை அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அதோடு மறந்துவிட்டார்கள். பெட்ரோல் விலை எங்கேயோ போனது, மீட்டர் அங்கேயே நின்றது. 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் பொறுமையிழந்து, 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 18 என்று தாங்களே அறிவித்துக்கொண்டன. பன்னிரண்டு வருடம் கட்டணத்தைத் திருத்தாத சட்டத்தை எந்த ஓட்டுநர் மதிப்பார்? அவர் மீட்டரைத் துணி போட்டு மூடினார், நாம் தெருமுனையில் நின்று சண்டை போட்டோம், ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக நிற்கிற பெண்ணிடம் இருநூறைக் கூசாமல் நானூறு என்றார்கள். அந்தக் கசப்பில்தான் ஆப் நமக்குத் தெய்வமாகத் தெரிந்தது. அந்தக் காலத்தைத் தங்கக் காலம் என்று நான் சொல்லமாட்டேன். எதிரில் நின்று ஏமாற்றிய மனிதருக்குப் பதிலாக, எதிரிலேயே வராத ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய ஆளிடம் "நியாயமா சொல்லுண்ணே" என்றாவது கேட்க முடிந்தது.

சரி, அரசு இப்போது சும்மா இருக்கிறதா? இல்லை. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இணையவழித் தொழிலாளர்களுக்கென்று நலவாரியம் அமைத்தார்கள். 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் டெலிவரி பிள்ளைகளுக்கு ஏசி ஓய்வறை திறந்தது. மின்சார ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மே மாத வெயிலில் பாலத்தடியில் ஒதுங்கி நிற்கிறவனுக்கு ஏசி அறை சின்ன விஷயமில்லை, கழிப்பறை அதைவிடப் பெரிய விஷயம். கிண்டல் பண்ண எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கவனியுங்கள். ஓய்வறைக்கான செலவு நம் வரிப்பணத்தில். மானியமும் நம் வரிப்பணத்தில். அவனை வெயிலில் நிறுத்திய கணக்கு மட்டும் கம்பெனியின் சர்வருக்குள் பத்திரமாக இருக்கிறது.

மத்தியச் சட்டம் இன்னும் விசேஷம். 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை ஒரு நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது, அதுவும் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல். நல்லது. ஆனால் அதே சட்டம் இந்தத் தொழிலாளியை 'முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்' என்று வரையறுத்துவிடுகிறது. வெளியே நிறுத்தியாயிற்று, அப்புறம் குறைந்தபட்சக் கூலி எங்கிருந்து வரும்? விபத்துக்கு அப்புறம் கிடைக்கும் பணத்தைப் பற்றித்தான் சட்டம் பேசுகிறது. விபத்தில் கொண்டுபோய்விடுகிற அவசரத்தைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவுமில்லை.

லண்டனில் இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 'நாங்கள் வெறும் புக்கிங் ஏஜென்ட், ஓட்டுநர்கள் தனி வியாபாரிகள்' என்றது ஊபர். 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. காரணம் எளிமையானது. விலையை யார் வைக்கிறார்? ஒப்பந்தத்தை யார் எழுதுகிறார்? சவாரியை மறுத்தால் யார் தண்டிக்கிறார்? மதிப்பெண்ணை வைத்து யார் வெளியேற்றுகிறார்? பயணியும் ஓட்டுநரும் தொடர்ந்து பழகாமல் யார் தடுக்கிறார்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில். அப்புறம் அவர் எப்படித் தனி வியாபாரி? வேலைக்காரர்தான் என்றது தீர்ப்பு. ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டு சவாரிக்குக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. முதல் கேள்வியே விலை பற்றியது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம்மூரில் விலையைப் பற்றிக் கேட்கிற துறை வேறு, தொழிலாளியைப் பற்றிக் கேட்கிற துறை வேறு. 2025 ஜனவரியில் ஐபோனுக்கு ஒரு விலை, ஆண்ட்ராய்டுக்கு ஒரு விலையா என்று கேட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. அதே வருடம் மே மாதம், பயணத்துக்கு முன்பே 'டிப்ஸ்' கேட்பது பற்றி இன்னொரு நோட்டீஸ். அந்தத் துறையின் கண்ணுக்குப் பயணி மட்டும் தெரிகிறார். கூடுதலாக வாங்கிய காசு ஓட்டுநருக்குப் போனதா என்று கேட்பது அதன் வேலையில்லை. தொழிலாளர் துறைக்கு ஓட்டுநர் தெரிகிறார், ஆனால் பயணியிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பது அதன் கோப்பில் இல்லை. அந்த நூறு ரூபாய் இரண்டு கோப்புகளுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. கம்பெனிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா?

கட்டணத்தில் 80 சதவீதம் ஓட்டுநருக்குப் போகவேண்டும் என்று மத்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிமுறைகள் சொல்லத்தான் செய்தன. ஆனால் அவை மாநிலங்கள் எடுத்து அமல்படுத்தினால்தான் உயிர் பெறும். அது ஒருபுறம் இருக்கட்டும். நான் கொடுத்தது எவ்வளவு என்பதே ஓட்டுநருக்குக் காட்டப்படாதபோது, எண்பது சதவீதம் வந்ததா என்று அவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? ஒவ்வொரு சவாரியிலும் பின்னாடி திரும்பி என்னைக் கேட்க வேண்டியதுதான்.

இப்போது 'கமிஷனே வேண்டாம்' என்கிற புது வழியும் வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் ஊபர் இந்தியாவில் ஆட்டோக்களுக்கு அந்த முறைக்கு மாறியது. ஓட்டுநர் ஒரு சந்தா கட்டிவிட்டால் போதும், சவாரிக் காசு முழுக்க அவருக்கே. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. நடுவில் நின்ற ஆள் நழுவிவிட்டார் என்பதையும் பாருங்கள். ஆப் காட்டுவது இப்போது யோசனைத் தொகை மட்டும், மிச்சத்தை நீங்களும் ஓட்டுநரும் பேசிக்கொள்ளுங்கள். சுற்றிச் சுற்றி அதே தெருமுனைச் சண்டைக்கே வந்துவிட்டோம், இந்த முறை சந்தாவும் கட்டிவிட்டு.

'கெடுபிடி பண்ணினா வேலை போயிடும், விலை ஏறிடும்' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டெலிவரிக்கு இன்னும் பத்து ரூபாய் கூடலாம். கலிபோர்னியாவில் 2020இல் இந்த பயத்தை விற்கத்தான், ஓட்டுநர்களை ஊழியர்களாக ஆக்காமலிருக்க, கம்பெனிகள் இருபது கோடி டாலருக்கு மேல் பிரச்சாரத்தில் கொட்டி வாக்கெடுப்பில் ஜெயித்தன. விலையைக் காட்டினால் திவாலாகிவிடுகிற தொழிலுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. பயணி கொடுத்தது, ஓட்டுநருக்குப் போனது, வரி, கம்பெனி எடுத்தது. இந்த நான்கு எண்களும் இரண்டு திரைகளிலும் ஒரே மாதிரி வரவேண்டும். மளிகைக் கடை பில்லில் இருக்கிற அளவு ஒழுங்குதான். அப்புறம் ஐடி பிளாக். ராத்திரியோடு ராத்திரியாக ஒருவரின் பிழைப்பை நிறுத்திவிட்டு, 'உதவி' பட்டனில் ரோபோவோடு பேசவிடுகிறார்கள். கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டம், எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் அவகாசம் கொடுக்காமல் நீக்கக்கூடாது என்கிறது. பக்கத்து மாநிலத்தில் எழுத முடிந்ததை இங்கே எழுத என்ன தடை?

மழை ராத்திரி முடிந்த மறுநாள், என் 412 எப்படிப் பிரிந்தது என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. பார்ட்னருக்கும் தங்களுக்கும் உள்ள ஏற்பாடு ரகசியமானது என்றார்கள், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தினார்கள். அடுத்த பயணத்தில் 50 ரூபாய் தள்ளுபடிக்கு ஒரு கூப்பனும் இணைத்திருந்தார்கள். அந்த ஐம்பது யார் கணக்கில் கழியும் என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.