தாராவியின் பெயர்ப்பலகைகள்



மாகிம் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் தாராவி. அங்கே என் சித்தப்பா நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். இங்கே சேர்ந்த முதலாண்டு முழுவதும் இதை நான் விடுதியில் எவரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் "சயான் பக்கம்" என்று மழுப்பினேன். இக்குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

நான் நிலவியல் மாணவன். பாறையின் வயதை அறிய அதில் புதைந்த சிப்பியைப் பார் என்பது எங்கள் பாடம். சித்தப்பா வீட்டுச் சந்து முனையில், ஒரு பலசரக்குக் கடையின் பலகையில், அத்தகைய சிப்பி ஒன்றைக் கண்டேன். 'விலை' என்ற சொல்லில் லகரத்தோடு யானைத் துதிக்கை போல் ஒரு சுழி! ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய உருவங்களைப் பெரியாரின் 'குடி அரசு' 1935-லேயே கைவிட்டது. தமிழ்நாட்டு அரசு 1978-இல் கைவிட்டது. ஆகவே பலகை 1978-க்கு முந்தியது என்று துள்ளினேன்.

கடைக்காரப் பெரியவர் சிரித்தார். "இல்ல தம்பி, எண்பத்தஞ்சுல எழுதினதுல்லா. எழுதினவரு ஊர்ல அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. அவரு கைக்கு அதுதான் வரும்" என்றார்.

சுழி காட்டியது பலகையின் வயதை அன்று. எழுதியவர் படித்த பள்ளியை! பெரியவர் இல்லையேல் என் ஆராய்ச்சி பிழையோடு அச்சேறியிருக்கும். அன்று அவர் கடை அடைக்கும்வரை பேசினார். தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தது, சதுப்பு நிலத்தில் குப்பையும் மண்ணும் கொட்டிக் கையகலம் கையகலமாக மேடாக்கியது, மழைநாளில் கட்டிலை உயர்த்தச் செங்கல் தேடி அலைந்தது. திரைப்படத்தில் நாம் பார்க்கும் தாராவியில் இந்தச் செங்கல் இல்லை.

இன்று அந்தப் பலகையும் இல்லை. கடைப் பெயரை மராட்டியில், வேறெந்த எழுத்துக்கும் குறையாத அளவில், எழுதவேண்டும் என்று மகாராட்டிரச் சட்டம் 2022-இல் சிறு கடைகளுக்கும் விரிந்தது. அதில் எனக்குக் குறையில்லை. தமிழ்நாட்டில் தமிழ் முன்னிற்க வேண்டும் என்று கேட்கும் நாம் அவர்களை எப்படி மறுப்போம்? தமிழை அழிக்கச் சட்டம் சொல்லவுமில்லை. ஆனால் மூன்றடிக் கடையில் இரண்டு பலகைக்கு இடமேது? பிளெக்ஸ் வந்தது, மரப்பலகை அடுப்புக்குப் போயிற்று. பிறகு படமெடுக்கலாம் என்று நான் சோம்பியிருந்ததுதான் குறை.

இனிப் போகப்போவது பலகை மட்டுமன்று, சந்தே. புதுத் தாராவிக்காக 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, ஏனையோர்க்கு வேறிடம். வீடு வேண்டும், குழாய் வேண்டும், கழிப்பறை வேண்டும். பழம்பெருமைக்காகச் சந்து அப்படியே கிடக்கட்டும் என்று விடுதி மின்விசிறியின் கீழிருந்து நான் சொன்னால் சித்தி விளக்குமாற்றை எடுப்பார். ஆனால் சித்தப்பா தகரப்பெட்டியைக் கவிழ்த்து, 2000-க்கு முந்திய மின்ரசீதைத் தேடிய இரவில் நான் உடனிருந்தேன். நாற்பது ஆண்டு வாழ்வுக்குச் சான்று ஒரு மங்கிய ரசீதுதானா? வாய்ச்சொல்லால் வீடு கிடைக்காது, அறிவேன். குடிகள் மூலைக்கொருவராகப் பிரிந்தபின், இன்ன இடத்தில் இன்னார் இருந்தார் என்று சொல்ல யாரும் அங்கே இருக்கப்போவதில்லை என்பதே என் கவலை.

மன்றத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்ற பொங்கல் விழாவின் மேடை அலங்காரச் செலவில் பாதி இருந்தால் போதும். ஞாயிறுதோறும் இருவர் இருவராகச் செல்வோம். பலகையை அளப்போம், படமெடுப்போம். எழுதியவர் யார், அதற்குமுன் அவ்விடத்தில் என்ன இருந்தது என்று கேட்போம். பெரியவர்களின் நெல்லைப் பேச்சைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்வோம்; ஒரு படியை அவ்வீட்டாருக்கே கொடுப்போம்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாகிம் நிலையத்தின் கிழக்கு வாயிலில் நிற்பேன். எத்தனை பேர் என்று முன்னரே சொல்லிவிடுங்கள். சித்தி இட்டிலிக்கு மாவரைக்க வேண்டும்.