வேளாங்கண்ணியில் இன்னும் ஒரு நாள்

கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்புப் பக்கத்து ஊர்களிலிருந்து வேளாங்கண்ணிக்கு வேன் புறப்படும் முறையை நாம் நன்கு அறிவோம். இரவு உணவு முடித்து ஏறுவர், விடியலில் இறங்கிக் கடலில் கால் நனைப்பர், திருப்பலி, மெழுகுதிரி, கடைத்தெரு, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், அன்றிரவே திரும்புவர். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று பெற்ற பயன் இவ்வளவே. வீட்டுத் தலைவிக்கோ அது ஓய்வுமன்று. புளியோதரை கட்டுவதில் தொடங்கி, மணல் ஏறிய துணிகளைத் துவைப்பதில் முடியும் மற்றொரு வேலை.

அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்குமுன் ஒன்று கேட்கிறோம்: இரண்டு இரவுகள் தங்கினால் என்ன? திருத்தலத்து விடுதியில் ஓர் அறையோ, கடலோரத்தில் ஒரு சிறு குடிலோ எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக் கடலுக்கும் கோவிலுக்கும் கொடுங்கள். மறுநாள் விடியுமுன் தெற்கே கோடிக்கரைக்குப் புறப்படுங்கள். வேதாரணியம் வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். இத்துணை அருகில் இருந்தும், ஆண்டுதோறும் வேளாங்கண்ணி செல்லும் நம்மவருள் கோடிக்கரையைக் கண்டவர் மிகச் சிலரே. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் பூங்குழலியின் ஊர் என்று பெயரளவில் அறிவார்கள், அவ்வளவுதான்.

வேளாங்கண்ணி ஆலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது 1962-இல். அதே ஆண்டில்தான் பறவையியல் அறிஞர் சாலிம் அலி, வேதாரணியத்துச் சதுப்பு நிலம் அரிய பறவைகளின் இருப்பிடம் என்று எடுத்துக்காட்டினார். 1967-இல் வெளிமான்களைக் காக்கவென்று கோடிக்கரைக் காடு சரணாலயம் ஆயிற்று. 2002-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. தமிழ்நாட்டில் அப்பெருமையை முதலில் அடைந்தது இவ்விடமே.

எப்போது போவது? செப்டம்பர்த் திருவிழாக் காலத்தில் அறையும் கிடைக்காது, பறவைகளும் அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும். நவம்பர் புயல் மாதம். கிறிஸ்து பிறப்பையும் புத்தாண்டையும் ஒட்டி மீண்டும் நெரிசல். ஆகவே பொங்கல் விடுமுறையே நமக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சதுப்பில் நீர் நின்று, பறவைக் கூட்டமும் நிலைத்திருக்கும் காலம் அது.

அங்கே முதலில் கண்ணைக் கவர்வது பூநாரை. நீண்ட கால்களில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து மேயும். நம் இல்லத்தரசிகள் மாவு சலிப்பதைப் போலவே அதன் அலகும் சேற்றுநீரைச் சலித்து நுண்ணுயிர்களை மட்டும் உள்ளே கொள்கிறது. அதன் இறகின் செம்மைகூட அவ்வுணவிலிருந்து வந்ததே. ஆனால் பூநாரையோடு நின்றுவிட வேண்டாம். சேற்றில் சிற்றெலிகள்போல் ஓடுகின்றனவே, அந்த உள்ளான்களைப் பாருங்கள். கொசு உள்ளானின் எடை இருபது, முப்பது கிராம். வடதுருவத்தை ஒட்டிய குளிர்நாடுகளில் குஞ்சு பொரித்து, அங்கே நிலம் உறையுமுன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இச்சேற்றுக்கு வந்து சேர்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, அவற்றின் வழிகளை ஆராய்ந்து வருகிறார்கள்.

இப்பறவைகள் இங்கே பொழுதுபோக்க வரவில்லை. வசந்தத்தில் திரும்பிப் பறக்க வேண்டிய கொழுப்பை இச்சேற்றில்தான் சேர்க்கின்றன. கூட்டமாக எழுந்து பறக்கும் காட்சியைச் செல்பேசியில் பிடிக்கவென்று கைதட்டுவதும் கல்லெறிவதும் இன்று வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறை மிரண்டு எழும்போதும் அது சேர்த்ததில் சிறிது கரைகிறது. பிள்ளைகளுக்கு இதை வேனிலேயே சொல்லிவிடுவது தந்தையின் கடமை. அங்கே போய் அதட்டினால், அந்த அதட்டலுக்கே பறவை எழுந்துவிடும்!

முன்னிருந்த கூட்டம் இப்போது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நன்னீர் வரத்து குறைந்ததும், உப்பளங்கள் பெருகி நீரின் உவர்ப்பு மாறியதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இக்கரையைத்தான் தாக்கியது. காட்டில் எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன, மான்களும் மடிந்தன. அதற்கு முன் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து, வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் பலரை வாரிச் சென்றதை எந்தக் குடும்பம் மறக்கும்? கோடிக்கரையில் எஞ்சியிருந்த சோழர் காலக் கலங்கரை விளக்கமும் அன்றுதான் இடிந்தது. அக்கடல் அழகியதுதான், ஆயினும் பிள்ளைகளைக் கணுக்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள்.

இனிச் சில நடைமுறைகள். வனத்துறைச் சாவடியில் அனுமதிச் சீட்டு பெறவேண்டும். சூரியனை முதுகுப்புறம் வைத்து நின்றால்தான் இறகின் நிறம் தெரியும். பளிச்சென்ற வெள்ளை உடை வேண்டாம். ஒரு பைனாகுலர் இருந்தால் குடும்பம் முழுவதற்கும் போதும்; முறைவைத்துப் பார்க்கலாம். பாட்டிக்கும் ஒரு முறை கொடுங்கள். திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் இருக்கிறது. இறங்கிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

செலவு? இரண்டு இரவு வாடகை, வேனுக்கு ஒரு நாள் கூடுதல். சிறிய தொகையன்று, விசைத்தறியிலும் வயலிலும் உழைப்போருக்கு அதன் அருமை தெரியும். ஆண்டுக்கொரு முறை போவதை இரண்டாண்டுக்கொரு முறை என்று வைத்துக்கொண்டாலும் குறையொன்றுமில்லை என்பது நம் கருத்து.

பயணமே இயலாத வீட்டாருக்கு ஒரு செய்தி. ஆறுமணிக் குருவி என்றொரு பறவை உண்டு. பச்சை முதுகும், சிவந்த அடிவயிறும், குட்டை வாலுமாக இருக்கும். வடக்கேயிருந்து இடம்பெயரும்போது அக்டோபரில் கோடிக்கரைக் காட்டிலும் இறங்கி இளைப்பாறுகிறது. குளிர்காலத்தில் நம் மலையடிவாரத் தோப்புகளிலும் உதிர்ந்த இலைகளைக் கிளறி இரைதேடும். காலையும் மாலையும் ஆறு மணி அளவில் இரட்டைச் சீழ்க்கைபோல் ஒலி எழுப்பும். செண்பகத்தோப்புப் பக்கம் போகிறவர்கள் காது கொடுத்துப் பாருங்கள்.