கரடியைத் தேடி 1,500 கிலோமீட்டர்

சிவ பூஜையில் கரடி புகுந்த மாதிரி என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்தக் கரடியை நேரில் பார்ப்பதற்காக 1,500 கிலோமீட்டர் காரில் போவேன் என்றோ, போகிற வழியில் என் பூஜையிலேயே கரடி புகப் பார்க்கும் என்றோ நான் கனவிலும் நினைத்ததில்லை, சகோதரிகளே!

2019-ம் வருஷம் ஜூலையில் நானும் என்னவரும் கனடாவில் வான்கூவர் பக்கம் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது தம்பி, "அக்கா, வடக்கே ஹைடர்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஓடையில மீன் பிடிக்கக் கரடிங்க வரும். போகலாமா?" என்றான்.

"கரடி பார்க்க வண்டலூர் போனா போதாதா? இவ்வளவு தூரம் வந்தா போகணும்?" என்றார் இவர்.

"வண்டலூர்ல கரடி கூண்டுக்குள்ள இருக்கும், அத்தான். இங்கே நாமதான் கூண்டுக்குள்ள நிக்கணும்!" என்று தம்பி சொன்னதும் அவன் ஆறு வயசுப் பெண் கைதட்டிக் குதித்தாள். அப்புறம் யார் மறுக்க முடியும்?

ஹைடர் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்குச் சாலை வழி கனடாவின் ஸ்டூவர்ட் என்ற ஊர் வழியாக மட்டும்தான். எங்கள் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முன்பே இருந்தது நல்லதாகப் போயிற்று.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே நான் அடுப்படியில் இறங்கிவிட்டேன். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சப்பாத்தி, தட்டை, குழந்தைக்கு ரவா லாடு. எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போது தம்பி மனைவி சிரித்துக்கொண்டே, "அண்ணி, ஒரே ஒரு நிபந்தனை. கூடாரத்துக்குள்ள ஒரு தட்டைத் துண்டுகூட இருக்கக் கூடாது. சாப்பாடு பூரா கார் டிக்கியில பூட்டித்தான் வைக்கணும்" என்றாள். சாப்பாடு மட்டுமா? பற்பசை, சோப்பு, முகப்பவுடர், தேங்காய் எண்ணெய், எல்லாமே டிக்கிக்குத்தான். சமைத்த உடுப்போடு படுக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கூடாரத்தின் பக்கத்தில் கொட்டக் கூடாது. கரடியின் மூக்கு அவ்வளவு கூர்மையாம். "அப்போ பெருங்காயம் போட்டுத் தாளிச்சா?" என்றேன். "தாளிக்கவே வேண்டாம், அண்ணி!" என்று கும்பிட்டாள்.

முதல் நாள் பிரேசர் ஆற்றின் மலை இடுக்கு வழியாகப் போய், வறண்ட குன்றுகளைத் தாண்டி, இரவு பிரின்ஸ் ஜார்ஜில் தங்கினோம். அன்றைக்கு மட்டும் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். நம்மைப் போல நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இவ்வளவு நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கிவிடும். இரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிஷம் நடந்தோம். குழந்தைக்கு வாந்தி வராமலிருக்க வண்டி ஓடும்போது புத்தகம் கொடுக்காமல் முன்னால் தெரியும் மலையைப் பார்க்கச் சொன்னோம். வயிறு நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். போகும்போதும் வரும்போதும் ஒரு தரம்கூட வாந்தி இல்லை.

இரண்டாம் நாள் மேற்கே திரும்பி, ஸ்மிதர்ஸ் என்ற ஊரைத் தாண்டி ஒரு முகாம் மைதானத்தில் கூடாரம் போட்டோம். மறுநாள் ஆடி அமாவாசை.

என் அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அமாவாசையன்று காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் நான் வாயில் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. விடியற்காலையில் எல்லோரும் தூங்கும்போது சின்ன அடுப்பில் ஒரு பிடி அரிசி வேக வைத்து, கொஞ்சம் தயிரும் எள்ளும் கலந்து, முகாம் ஓரத்தில் இருந்த மரத்தடிக் கட்டை மேல் உருண்டையாக வைத்தேன். உயரத்தில் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்திருந்தது. நம்மூர்க் காக்கையைவிடப் பெரிசு, குரலும் வேறே. ஆனாலும் அம்மாவே வந்துவிட்ட மாதிரி எனக்கு மனசு குளிர்ந்தது. "கா, கா" என்று கூப்பிட்டேன்.

வந்தது காக்கை இல்லை. முகாமைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள்! ஐம்பது வயதிருக்கும். சோற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் வேகமாகப் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. தம்பி எழுந்து வந்து விளக்கினான்.

இரண்டு நாளாக ஒரு தாய்க் கரடி குட்டியோடு அந்தப் பக்கம் சுற்றுகிறதாம். இந்தச் சோற்றை ஒரு தடவை தின்று ருசி கண்டுவிட்டால், மனிதர் இருக்கும் இடத்தில் சுலபமாகச் சாப்பாடு கிடைக்கும் என்று அதற்குப் பழகிவிடும். மறுநாளும் வரும். பயம் விட்டுப்போகும். யாருடைய கூடாரத்தையாவது கிழிக்கும். தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் பல கரடிகள் திரும்பி வந்துவிடுகின்றனவாம். கடைசியில் சுட்டுக் கொல்வதைத் தவிர வழியிருக்காது. முந்தின வருஷம் அதே இடத்தில், யாரோ மேஜை மேல் மறந்து வைத்த ஒரு பெட்டிச் சாப்பாட்டால் அப்படித்தான் ஒரு கரடி செத்ததாம். கரடிக்குத் தீனி போடுவது அங்கே சட்டப்படியும் குற்றம்.

"நீங்கள் அன்பாகத்தான் வைத்தீர்கள், தெரிகிறது. ஆனால் இங்கே சோறு வைப்பது விஷம் வைப்பது மாதிரி" என்றாள் அந்த அம்மாள். அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

நான் உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினேன். கட்டையைத் துடைத்தேன். கீழே சிந்தின இடத்து மண்ணையும் வழித்து, கரடியால் திறக்க முடியாதபடி கொக்கி வைத்த இரும்புக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அம்மாவுக்கு வைத்த சோற்றைக் குப்பையில் போட்ட கை இது என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார்.

அன்று கிட்வாங்காவில் வடக்கே திரும்பினோம். இரு பக்கமும் காடு. மணிக்கணக்கில் ஓர் ஊர்கூட இல்லை. பெட்ரோல் போடும் இடத்தைப் பார்த்தால் பாதி டாங்கி இருந்தாலும் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு திருப்பத்தில் தம்பி வேகத்தைக் குறைத்தான். சாலையோரப் புல்லில் ஒரு கருங்கரடி! எருமைக் கன்று மேய்வது போலத் தலையைக் குனிந்து இலையும் பூவும் தின்றுகொண்டிருந்தது. கரடி இவ்வளவு பச்சிலை தின்னும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கண்ணாடியைக் கூட இறக்காமல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்தோம். குழந்தை தன் லாடுவை முந்தானைக்குள் ஒளிப்பது போல என் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள்!

பனிப்பாறை ஒன்று நீலமாகத் தொங்கும் மலைவழியே போய், சாயங்காலம் ஸ்டூவர்ட்டை அடைந்தோம். ஹைடர் அதற்கு அடுத்தாற்போல்தான். நூறு பேர்கூட வசிக்காத ஊர். மறுநாள் விடியலில் அங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள பிஷ் க்ரீக் ஓடைக்குப் போனோம். ஓடையை ஒட்டி உயரமாக மரப்பலகைப் பாதை கட்டி, கம்பி அடைப்பும் போட்டிருக்கிறார்கள். தம்பி சொன்னபடி நாங்கள்தான் கூண்டுக்குள்.

ஓடை முழுக்க சால்மன் மீன். இதே மாதிரி ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுகிற காலத்தில் பிறந்த ஓடையையே தேடி எதிர்நீச்சல் போட்டு வருகிறது. பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்ணைப் போல! ஆனால் முட்டையிட்டதும் செத்துப் போகிறது. அந்த மீன்கள்தான் கரடிக்கும் கழுகுக்கும் உணவு. மிச்சம் காட்டு மரங்களுக்கு எரு.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. குளிரில் கை விறைத்தது. அப்புறம் புதர் அசைந்தது. தோளில் திமிலோடு ஒரு பெரிய பழுப்புக் கரடி. பின்னாலேயே இரண்டு குட்டிகள்! தாய் தண்ணீரில் இறங்கி இரண்டு தடவை தவறவிட்டது. மூன்றாம் தடவை வாயில் மீனோடு கரையேறியது. குட்டிகள் இரண்டும் நம் பிள்ளைகள் மாதிரியே அடித்துக்கொண்டன. தாய் திரும்பவும் தண்ணீரில் இறங்கியது.

அங்கிருந்த வன ஊழியர் சொன்ன விஷயத்தை இளம் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கரடி கோடையின் தொடக்கத்தில் கருத்தரித்தாலும் அந்தக் கரு உடனே வளராதாம். இலையுதிர் காலம் முடிகிறவரை காத்திருக்கும். தாயின் உடம்பில் போதுமான கொழுப்புச் சேர்ந்திருந்தால்தான் கருப்பையில் தங்கி வளரும், சேராவிட்டால் கரையும். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் குகைக்குள் பிறக்கிற குட்டி அரைக் கிலோ எடைகூட இராது. தாயோ மாதக்கணக்கில் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் தன் உடம்புக் கொழுப்பையே பாலாக்கிக் கொடுக்கிறது. ஆக, இந்தச் சில மாதங்களில் அது தின்கிற மீனும் பழமும் இலையும்தான் அடுத்த குட்டிகளின் உயிர்.

நம் வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத் தின்று பிள்ளை பெறும் பெண்கள் எத்தனை பேர்! தாய் முதலில் தன் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் காட்டு ஜீவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தத் தாய் மீனோடு நின்ற நிமிஷத்தில் என் மனப்பாரம் இறங்கிவிட்டது. முகாம் பக்கம் சுற்றிய அந்த இன்னொரு தாயும் இப்படித்தானே எங்கோ குட்டிக்குத் தேடிக்கொண்டிருக்கும்? என் ஒரு பிடி சோறு அதன் வழியில் குறுக்கிடாமல் போயிற்று. வாசலில் குட்டி போட்ட தெரு நாய்க்குக் கஞ்சி ஊற்றிய என் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். எடுத்துவிட்ட அந்தச் சோறும் அவளுக்குப் படைத்ததுதான்.

ஊர் திரும்பிய பிறகு மொட்டை மாடியில் காக்கைக்கு வைப்பதை நான் விடவில்லை. காக்கை நம்மோடு வாழ்கிற பறவை. ஆனால் காடு வேறு. நீலகிரிப் பக்கம் கோத்தகிரி, குன்னூரில்கூடக் கரடிகள் சாப்பாட்டு வாசனைக்கு வீடுகள் பக்கம் வருகின்றன. அடுத்த முறை குழந்தைகளோடு மலைக்குப் போகும்போது மிஞ்சிய புளிசாதத்தையும் பிஸ்கட்டையும் ஜன்னல் வழியே எறியாதீர்கள். ஒரு மூடி போட்ட தூக்கை இதற்கென்றே எடுத்துப்போய், மிச்சம் மீதியை அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். "பாவம், பசிக்குமே" என்று குழந்தை கேட்டால், "அதுக்கு அதோட அம்மா தேடிக் கொடுப்பா, கண்ணு" என்று சொல்லுங்கள்.

என் தம்பி மகளுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். அவள் உடனே லாடுவைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "அப்போ இது எனக்குத்தான்!" என்றாள்.